பட்டியலில் இடம்பெறாத பயணி

(நெய்யாற்றின்கரை வட்டம் கோட்டுகாலில் நடைபெற்ற கட்சி வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அரியலூர் ரயில் விபத்து என்றதும் எவருக்கும் நினைவுக்கு வருவது லால் பகதூர் சாஸ்திரியின் பதவி விலகல். 1956 நவம்பர் 23 அதிகாலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி, வெள்ளம் பெருக்கெடுத்த மருதையாற்றில் கவிழ்ந்தது. 150க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் பொறுப்பேற்று விலகினார். துணை அமைச்சர் ஓ.வி.அழகேசனின் பெயர் தேர்தல் முழக்கமாகிச் சுவர்களில் ஏறியது. பள்ளிப் பாடத்திலிருந்து மேடைப் பேச்சு வரை அந்தப் பதவி விலகல் இன்றும் எடுத்துக்காட்டாக ஓதப்படுகிறது. ஆனால் அந்த வண்டியில் இறந்த ஒரே ஒரு பயணியின் பெயரைக் கேட்டால் எந்த அவையிலும் பதில் வராது. அவர் எந்த ஊர்க்காரர், என்ன தொழில் செய்தார், அந்த மழை இரவில் எதற்காக வண்டியேறினார் என்பதெல்லாம் யாருடைய பாடத்திலும் இல்லை.

மொழிவழி மாநிலங்கள் அமைந்து அப்போது 22 நாட்களே ஆகியிருந்தன. நவம்பர் 1 அன்றுதான் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு எங்கே விழுந்தது என்பதை இப்பகுதி மக்கள் இன்றும் கிராமம் கிராமமாகச் சொல்வார்கள். அதே மாதத்தில் ஆற்றோடு போனவர்களைப் பற்றிச் சொல்ல ஆளில்லை.

ரயில் விபத்தில் மாண்ட ஓர் எளிய மனிதரின் வாழ்வை ஆராய்வது குடும்ப நினைவஞ்சலி எழுதும் வேலை என்று சில தோழர்கள் கருதலாம். எத்தனை பேர் இறந்தனர், ஏன் இறந்தனர், யாருக்கு என்ன கிடைத்தது ஆகிய மூன்று கேள்விகளிலும் அரசுத் தரப்பின் கூற்றைச் சோதித்துப் பார்க்க உழைப்பாளி மக்களின் கையில் இருக்கும் வழிகளில் இது முக்கியமானது. ஒரு மனிதரின் பெயரும் முகவரியும் உறுதியானால், ஆவணம் சொல்லும் எண்ணிக்கை அவரிடம் வந்து பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த வேலையைப் பொறுமையாகச் செய்துகாட்டிய ஊர் ஸ்காட்லாந்தின் டண்டி. வங்காளத்துச் சணலை இறக்குமதி செய்து நூற்றும் நெய்தும் வளர்ந்த ஆலை நகரம் அது. 1879 டிசம்பர் 28 இரவு, கடும் புயலில், டே ஆற்றின் மேலிருந்த நீண்ட இரும்புப் பாலத்தின் நடுப்பகுதி இடிந்து, அதன் மேல் சென்ற ரயிலும் ஆற்றில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. 75 பேர் இறந்தனர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இந்த எண் வந்த விதம் கவனிக்கத்தக்கது. பாலத்திற்கு முந்தைய நிலையத்தில் பயணிகளிடம் சீட்டுகள் வாங்கப்பட்டிருந்தன. அந்தச் சீட்டுகளை எண்ணி, மாதச்சீட்டுக்காரர்கள், ஊழியர்கள் போன்றோருக்காக ஓர் உத்தேசத்தையும் கூட்டினார்கள். அந்நகரின் மெகோனகல் என்ற கவிஞர் தன் பாட்டில் 90 என்றே எழுதிவைத்தார். பாட்டு பிரபலமானதால் அந்த எண்ணும் பிரபலமாயிற்று. மீட்கப்பட்ட உடல்களோ 46.

பிற்காலத்தில் வரலாற்று ஆர்வலர்கள் இறப்புச் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். பெயரோடு உறுதிப்பட்டவர்கள் 59 பேர். ஒவ்வொரு சான்றிலும் வயது, தொழில், வசிப்பிடம் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு மக்கள்தொகைக் கணக்கேட்டின் வீட்டுப் பட்டியலுக்குப் போக முடிந்தது. முதலில் கிடைத்த உடல் வீட்டு வேலை செய்துவந்த ஒரு நடுவயதுப் பெண்ணுடையது. விபத்து நடந்து 134 ஆண்டுகள் கழித்து, 2013இல், ஆற்றின் இரு கரைகளிலும் பெயர்கள் பொறித்த நினைவுக் கற்கள் நடப்பட்டன. சீட்டுக் கணக்கையும் பாட்டையும் விட ஊர்ப் பதிவாளரின் ஏடு நம்பத்தக்கதாக இருந்தது.

அங்கே சீட்டு, இறந்தவர்களைக் கூட்டிக் காட்டியது. தனுஷ்கோடியில் குறைத்துக் காட்டியிருக்க வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் பொங்கி வந்து அதை மூடிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் என்று சொல்லப்படும் அதிகாரப்பூர்வக் கணக்கு, சீட்டு வாங்கியவர்களின் கணக்கு. சீட்டில்லாமல் ஏறியவர்களும் இருந்தனர், எண்ணிக்கை அதைவிடக் கூடுதல் என்று அப்போதே பேசப்பட்டது. சீட்டு வாங்கக் காசில்லாத மனிதருக்கு இறந்த பிறகும் கணக்கில் இடமில்லை. வங்கக்கடல் அடித்துச் சென்றது அவர் உடலை. அவர் இருந்ததற்கான சாட்சியத்தை அடித்துச் சென்றது கணக்கெடுத்த முறை.

இது பழைய காலத்துக் குறைபாடு என்று யாரும் தேறிக்கொள்ள வேண்டாம். 2023 ஜூன் 2 மாலை, ஒடிசாவின் பாலேஸ்வர் மாவட்டம் பஹாநகா பஜார் நிலையத்தில், ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி கிளைப்பாதையில் திருப்பிவிடப்பட்டு, நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் வேலை தேடி வரும் வங்க, ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் நெருக்கியடித்து ஏறும் வண்டி அது. முன்பதிவுப் பெட்டியில் இருந்தவருக்குப் பெயரும் வயதும் தொலைபேசி எண்ணும் பட்டியலில் இருந்தன. பொதுப்பெட்டிப் பயணிக்கு அப்படி எதுவும் கிடையாது. அவருடைய சீட்டில் புறப்பட்ட ஊரும் சேரும் ஊரும் மட்டுமே உண்டு. புவனேசுவரத்தில் குளிரூட்டியில் வைக்கப்பட்ட உடல்களுக்காக மரபணுச் சோதனை நடந்தது. ஒரே உடலுக்குப் பல குடும்பங்கள் உரிமை கோரின. கடைசியில் உரிமை கோர எவருமின்றி எஞ்சிய 28 உடல்கள் 2023 அக்டோபரில், நான்கு மாதங்களுக்குப் பிறகு, எரியூட்டப்பட்டன. செயற்கைக்கோள் ஏவும் நாட்டில், தலைநகர் முழுவதும் பேசிய ஒரு விபத்தில், 28 பேர் யாரென்றே தெரியாமல் போனார்கள்.

கோட்டுகாலுக்கு அருகில் வரலாம். 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை அகலப்பாதை திறக்கப்பட்ட பிறகுதான் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை மக்களுக்கு நெடுந்தூர ரயில் வீட்டு வாசலுக்கு வந்தது. பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடிய ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அப்படி வந்த வண்டி. ஒரு காலத்தில் கொச்சியின் வெலிங்டன் தீவு வரை மட்டுமே ஓடியதால் அந்தப் பெயர். தீவை விட்டு வந்த பிறகும் பெயர் விடவில்லை. 1988 ஜூலை 8, வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஒரு மணி அளவில், கொல்லத்திற்குச் சற்று வடக்கே பெருமண் பாலத்தில் அந்த வண்டி தடம்புரண்டு, பெட்டிகள் அஷ்டமுடிக் காயலில் விழுந்தன. 105 பேர் உயிரிழந்தனர். கரையோர மக்கள் வள்ளங்களில் பாய்ந்து சென்று, கையில் கிடைத்ததைக் கொண்டு பெட்டிகளை உடைத்து மனிதர்களை வெளியே எடுத்தார்கள்.

அந்த 105 பேரில் ஒருவரைப் பற்றி ஒரு தோழர் தேடத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் தடுமாற்றம் பெயரிலேயே வரும். மறுநாள் மலையாள நாளிதழ்களின் பட்டியல், உயிரற்ற கையில் கட்டிய துண்டுச் சீட்டையும், சட்டைப்பையில் கிடைத்த காகிதத்தையும், உறவினர் அழுகையினூடே சொன்னதையும் கொண்டு அவசரத்தில் தொகுக்கப்பட்டது. எழுத்துப் பிழைகள் இருக்கும். பெருமழையில் நனைந்த ஆவணத்திலிருந்து படித்த பெயர் பாதிதான் சரியாக இருக்கும். எல்லையோரத்துக்காரர் என்றால் இன்னொரு சிக்கலும் சேரும். இங்கே வீட்டுப்பெயரே அடையாளம், பாறசாலையைத் தாண்டினால் தந்தையின் பெயரின் முதலெழுத்து அடையாளம். ஒரே மனிதர் இரண்டு ஏடுகளில் இரண்டு பேராகப் பதிவாகலாம். 'புத்தன்வீடு' என்று மட்டும் வைத்துக்கொண்டு இந்த வட்டத்தில் தேடப் புறப்பட்டால் எத்தனை புத்தன்வீடுகளின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும் என்பது தோழர்களுக்குத் தெரியாததல்ல.

இரண்டாவதாக, இறப்புப் பதிவு. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன்படி ஒரு மரணம் அது நிகழ்ந்த இடத்தில்தான் பதியப்படும். இறந்தவர் வாழ்ந்த ஊரின் ஏட்டில் அது வராது. எனவே கோட்டுகால் ஊராட்சி அலுவலகத்தில் ஏட்டைப் புரட்டிவிட்டு 'பதிவு இல்லை' என்று திரும்பிவிடக் கூடாது. காயலோர ஊராட்சியின் ஏடு, உடல் கொண்டுசெல்லப்பட்ட மருத்துவமனை அமைந்த உள்ளாட்சியின் ஏடு, இரண்டையும் பார்க்க வேண்டும். புலம்பெயர்ந்து உழைப்பவர்களை இந்த ஒரு விதி எப்படி அலைக்கழிக்கிறது என்பதற்குப் பிற்காலச் சான்று உண்டு. 2020 மே 8 அதிகாலையில், ஊரடங்கில் ஜால்னாவிலிருந்து ஊருக்கு நடந்தே புறப்பட்டு, அவுரங்காபாத் அருகே கர்மாடில் தண்டவாளத்தில் அயர்ந்து உறங்கிய மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது. ஓராண்டு கழிந்தும் குடும்பங்களுக்கு இறப்புச் சான்று கிடைக்கவில்லை என்று செய்திகள் வந்தன. இறந்தது மராட்டியத்தில், சான்று வேண்டியது மத்தியப் பிரதேசத்துக் குக்கிராமத்தில்.

மூன்றாவது, காவல்துறை ஆவணங்கள். இவற்றுள் பிரேத விசாரணை அறிக்கையைப் போல ஓர் எளிய மனிதரைப் பற்றிப் பேசும் காகிதம் அரசிடம் வேறில்லை. உடுத்தியிருந்த துணியின் நிறம், காலில் செருப்பு இருந்ததா, பையில் எத்தனை ரூபாய், யாருக்கு எழுதிய கடிதம் என்று எழுத்தர் அலுப்போடு எழுதிச் சென்றிருப்பார். இந்தப் பொருட்பட்டியலைக் கவனத்துடன் படிக்க வேண்டும். மடித்து வைத்த ஒரு பணவிடை ரசீது அவர் மாதந்தோறும் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினார் என்று காட்டும். ஒரு சாவி, ஒரு மருந்துச் சீட்டு, ஒரு குழந்தைச் சட்டை, ஒவ்வொன்றும் ஒரு விசாரணைக்கு வாசல்.

அதன்பின் இழப்பீட்டுக் கோப்பு. 1988இல் ரயில் விபத்து உயிரிழப்புக்குச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் மறு ஆண்டின் இறுதியில்தான் இயங்கத் தொடங்கின. இதில் தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டதால் இறந்தவரின் வருமானம் பற்றிய விவரம் கோப்பில் பெரிதாக இராது. வாரிசு யார் என்பதே அங்கே கேள்வி. வட்டாட்சியர் அலுவலக வாரிசுச் சான்றில் மனைவி, மக்கள், தாய் என்று வரிசை இருக்கும். அவர் உழைப்பில் உயிர்வாழ்ந்த விதவைத் தங்கைக்கோ, கடைசிவரை உடனிருந்த தோழனுக்கோ அந்த வரிசையில் இடமில்லை. ஆய்வு செய்பவர் அவர்களையும் தேடிப் போக வேண்டும்.

இவை எல்லாம் மரணத்தின் ஆவணங்கள். வாழ்வின் ஆவணங்கள் ஊரில் இருக்கின்றன. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியும் பெற்றோரின் தொழிலும், எந்த வகுப்போடு படிப்பு நின்றது என்பதும் கிடைக்கும். பாலராமபுரம் பக்கத்துக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தின் கூலிப் பேரேட்டில் அவர் கையொப்பம் இருக்கலாம். எத்தனை முண்டு நெய்தார், எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்றும் இருக்கலாம். கடலோரக் குடும்பம் என்றால் பங்கு ஆலயத்தின் திருமுழுக்கு ஏடு உண்டு. தொழிற்சங்க உறுப்பினர் பதிவேடுகளோ பெரும்பாலும் சங்க அலுவலகத்தின் பரணில் கறையானுக்கு உணவாகிக்கொண்டிருக்கின்றன. அரசு ஆவணக் காப்பகத்தைக் குறை சொல்லும் முன் அந்தப் பரணை இறக்கிப் பார்ப்பது நல்லது.

ஏடுகள் முடிந்த இடத்தில் மனிதர்கள் தொடங்குகிறார்கள். இதில் தோழர்கள் பலர் செய்யும் தவறு, குடும்பத்தின் மூத்த ஆணிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவது. அவர் சொல்வது ஏற்கெனவே மனுக்களில் எழுதப்பட்டது. நாட்களும் தொகைகளும் பெண்களிடம் இருக்கின்றன. அவர் கடைசியாக எந்தத் திருவிழாவுக்கு வந்தார், எந்த மாதம் பணம் வரவில்லை, எந்தக் கடனுக்காக எந்த நகை போனது என்பதைச் சகோதரியோ மனைவியோதான் சொல்ல முடியும். எடுத்த எடுப்பில் விபத்து நாளைப் பற்றிக் கேட்பதும் முறையல்ல. அவர் செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் பேச்சு தானே பெருகும். தறியில் எந்தப் பாவு போட்டார், பெங்களூரில் எந்தப் பட்டறையில் நின்றார், எத்தனை பேர் ஓர் அறையில் தங்கினார்கள் என்பதிலிருந்து அவருடைய முழு வாழ்வும் வெளிவரும். குடும்பம் வெளியே வரவேண்டாம் என்று சொல்வதை எழுதாமல் விடும் நாகரிகமும் வேண்டும். கட்சிப் பத்திரிகைக்கு நல்ல கட்டுரை கிடைக்கிறது என்பதற்காக ஒரு வீட்டின் கதவைத் திறந்துபோட எவருக்கும் உரிமையில்லை.

இவ்வாறு ஒரு வாழ்வு கிடைத்ததும் காரணம் பற்றிய கேள்வி புது வலுப்பெறுகிறது. பெருமண் விபத்துக்குச் சுழற்காற்றே காரணம் என்று அதிகாரப்பூர்வ விசாரணை முடிவு கூறியது. அப்பகுதி மக்கள் அதை அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. டண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அங்கே உண்மையாகவே புயல் அடித்தது, நகரமே அதை உணர்ந்தது. இருந்தும் விசாரணை மன்றத்தின் தலைவர் காற்றின் மீது பழியைப் போட்டு ஒதுங்கவில்லை. பாலத்தின் வடிவமைப்பும் கட்டுமானமும் பராமரிப்பும் மோசமானவை என்று எழுதி, தலைமைப் பொறியாளர் தாமஸ் பௌச்சைப் பொறுப்பாக்கினார். அந்த முடிவுக்கு உதவியவை எளிய மனிதர்களின் வாக்குமூலங்கள். பாலத்துக்கு வண்ணம் பூசிய தொழிலாளர்கள் ரயில் போகும்போது பாலம் ஆடியதைச் சொன்னார்கள். வார்ப்பாலைத் தொழிலாளர்கள் இரும்புத் தூண்களின் ஓட்டைகள் மெழுகுக் கலவையால் அடைக்கப்பட்டதைச் சொன்னார்கள். இரும்பைத் தொட்டவர்களைக் கேட்டதால் இரும்பின் கதை தெரிந்தது. பெருமணில் தண்டவாளத்தில் வேலை செய்தவர்களையும் கரையில் நின்றவர்களையும் வட்டார மக்களையும் தேடிக் கேட்டு எழுதிவைக்கும் வேலை இன்னும் மீதமிருக்கிறது.

இந்த முறை இயக்கத்திற்குப் புதிதல்ல. மூலதனம் முதல் தொகுதியில், வேலை நாள் பற்றிய அத்தியாயத்தில், மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுத் தையல் தொழிலாளியைக் காரல் மார்க்ஸ் பெயரோடும் வயதோடும் அறிமுகப்படுத்துகிறார். 1863இல், காற்றோட்டமில்லாத அறையில் இடைவிடாது தைத்து மாண்டவர் அவர். நாளேட்டுச் செய்தியும் மரண விசாரணையில் மருத்துவர் சொன்னதும் ஜூரிகள் மழுப்பியதும் அங்கே வரிசையாக வருகின்றன. அதற்குச் சற்று முன்பே ஒரு ரயில் விபத்து வருகிறது. லண்டனில் மரண விசாரணை ஜூரியின் முன் ஒரு காப்பாளர், ஓர் எஞ்சின் ஓட்டுநர், ஒரு சைகைக் காவலர் மூவரும் நிற்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எட்டு மணி நேரமாக இருந்த தங்கள் வேலை இப்போது பதினான்கு, பதினெட்டு, இருபது மணி நேரமாக இழுக்கப்பட்டுவிட்டது என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கான பயணிகளின் சாவுக்கு ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதப்பட்ட காரணம், அந்த மூவரின் வாழ்வைக் கேட்டதும் வேறொன்றாக மாறிவிடுகிறது.

2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் கஞ்சன்ஜங்கா விரைவு வண்டியின் பின்னால் சரக்கு ரயில் மோதியது. உடல்கள் முழுதாக மீட்கப்படும் முன்பே, சரக்கு ரயில் ஓட்டுநர் சைகையை மதிக்கவில்லை என்று ரயில்வே வாரியத்தின் உச்சியிலிருந்து அறிவிப்பு வந்தது. அந்த ஓட்டுநர் மாண்டவர்களில் ஒருவர்; மறுத்துப் பேச அவர் இல்லை. பின்னர் வந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, தானியங்கிச் சைகை பழுதான நேரத்தில் ஓட்டுநர்களுக்குத் தவறான அனுமதிப் படிவம் கொடுக்கப்பட்டதையும் போதிய பயிற்சி இல்லாததையும் பல மட்டங்களின் குறைகளையும் சுட்டிக்காட்டியது. நாடெங்கும் ரயில்வேயின் பாதுகாப்புப் பிரிவுப் பணியிடங்களில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் காலியாக இருந்த ஆண்டு அது. இறந்த ஓட்டுநரைக் குற்றவாளியாக்கும் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. அவரைப் பகுதியளவேனும் விடுவிக்கும் செய்தியை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

பயணியாக இல்லாமல் ரயிலால் இறப்பவர்களின் கதை இன்னும் கொடியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2021ஆம் ஆண்டில் ரயில் தொடர்பான விபத்துகளில் 16,431 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. ரயில்வே தன் கணக்கில் 'விளைவுள்ள விபத்து' என்று ஆண்டுக்குச் சில பத்துகளையே ஏற்கிறது. 2012இல் அறிக்கை தந்த அனில் ககோட்கர் குழு, தண்டவாளத்தைக் கடக்கும்போது மட்டும் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் மடிவதாகக் கூறி, நாகரிகச் சமூகம் பொறுக்கக்கூடாத படுகொலை என்ற பொருளில் அதைக் கண்டித்தது. ரயில்வே இதற்கு வைத்திருக்கும் பெயர் அத்துமீறல். ஊரை இரண்டாகப் பிளந்து பாதை போட்டு, மேம்பாலம் கட்டாமல் விட்டவர்களை அத்துமீறியவர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

2024 நவம்பர் 2 பிற்பகலில், ஷொர்ணூர் பாரதப்புழைப் பாலத்தில் குப்பை அகற்றிக்கொண்டிருந்த நான்கு தூய்மைத் தொழிலாளர்களைக் கேரளா எக்ஸ்பிரஸ் மோதிக் கொன்றது. நால்வரும் சேலம் மாவட்டத்துத் தமிழர்கள், ஒப்பந்தக் கூலிகள், இவர்களில் பெண்களும் உண்டு. ஓர் உடல் ஆற்றிலிருந்து மறுநாள் எடுக்கப்பட்டது. ரயில்வே ஒப்பந்தத்தை ரத்து செய்தது, ஒப்பந்தக்காரர் மீது பழி போயிற்று. அவர்கள் ரயில்வேயின் ஊழியர்களும் இல்லை, பயணிகளும் இல்லை. ஆனால் அன்று நடைமுறையிலிருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒப்பந்தக்காரர் வழியாக வேலை வாங்கினாலும் முதன்மை முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்றது. அந்த நால்வரின் வாழ்வை எழுதப் புகும் தோழர் முதலில் தேட வேண்டியது கூலிப் பட்டியல். யார் நாட்கூலி கொடுத்தது, எவ்வளவு, வண்டி வருவதைச் சொல்லிக் கொடியசைக்க ஓர் ஆளை நிறுத்தியது யார் பொறுப்பு என்பவை அதையொட்டி வரும்.

அதே ஆண்டு ஜூலை 13 அன்று, இதே நெய்யாற்றின்கரை வட்டத்து மாராயமுட்டத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளி, திருவனந்தபுரம் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள இறங்கி, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாட்கள் கழித்தே உடல் கிடைத்தது. கால்வாய் யாருடையது, குப்பை யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் வாதிட்டுக்கொண்டிருந்தன. ரயில் மோதாத அந்த மரணம் எந்த ரயில் விபத்துப் பட்டியலிலும் வராது. தலைக்கு மேல் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, அந்த நிலையத்தின் அழுக்கைச் சுமந்தபடி அவர் இறந்தார்.

சட்டம் பற்றி ஒன்றிரண்டு செய்திகள் நடைமுறைக்கு உதவும். பயணி இறந்தால் இன்று இழப்பீடு 8 லட்சம் ரூபாய், 2017 ஜனவரி 1 முதல். தண்டவாளம் புரளும் விபத்து மட்டுமன்றி, ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்து இறந்தாலும் ரயில்வே சட்டத்தின் 124அ பிரிவில் கோரலாம். சீட்டு கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்திற்காகக் கோரிக்கையைத் தள்ள முடியாது என்று ரீனா தேவி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உரிய விவரங்களுடன் குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் கொடுத்துவிட்டால் மெய்ப்பிக்கும் சுமை ரயில்வே பக்கம் நகரும். அந்த விவரங்கள் எங்கிருந்து வரும்? அன்று காலை அவர் எங்கே புறப்பட்டார், வழியனுப்பியது யார், எந்த வேலைக்குப் போனார், எத்தனை நாளாக அந்த வண்டியில் போய்வந்தார் என்பதிலிருந்துதான். ஒரு மனிதரின் வாழ்வை விசாரித்து எழுதும் அதே குறிப்பேடு வழக்குக் கட்டிலும் போய்ச் சேர்கிறது. மனுச் செய்ய ஓராண்டு காலவரம்பு உண்டு. தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்கலாம், ஆயினும் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

பெருமணில் இறந்தவர்களுக்கு அந்த வரம்பு எப்போதோ முடிந்துவிட்டது. அவர்களோடு தறியில் உட்கார்ந்தவர்களும் ஓர் அறையில் தங்கியவர்களும் இப்போது எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். கிளைகள் வேலையைத் தொடங்குவதானால் ஆவணக் காப்பகத்துக்கு மனு எழுதிக் காத்திருக்கும் நாட்களிலேயே முதியவர்களைச் சந்தித்துவிட வேண்டும். அதிலும் முதலில் உடல்நலம் குன்றியவர்களை. ஒரு கிளைக்கு ஒரு பெயர் போதும். பாறசாலைக் கிளைகள் எல்லைக்கு அப்பாலுள்ள களியக்காவிளை, குழித்துறைத் தோழர்களோடு சேர்ந்து செய்தால் மலையாள ஏட்டையும் தமிழ் ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இயலும். இரண்டு பேராகப் பதிவான ஒரே மனிதர் அப்போது கிடைப்பார்.